மூன்றாம் தரம்

சனிக்கிழமை ஜாஸ் என்ற சுவரொட்டியில்
அவள் பெயரை ஆன்ழூ என்று போட்டிருந்தார் முதலாளி,
பிரெஞ்சில் எழுத்துக்கூட்டி.
பிரான்சில் அப்படியொரு சீமை உண்டாம்.
அங்கிருந்தா வருகிறீர்கள் என்று கேட்ட வெள்ளைக்காரம்மாவிடம்
இல்லீங்க, சோனாங்குப்பம் என்றாள்
அஞ்சலாட்சி.

நான் பியானோ.
வாரநாட்களில் இன்சூரன்ஸ் கிளையில் பிரீமியம் வாங்குகிறேன்.
எண்ணிக்கையில் பிசகாதவன்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று நான் வைத்த இடத்தில்
அவள் ஒருநாளும் வந்து நின்றதில்லை.
நாலு முடிந்து, அடுத்த ஒன்றும் கடந்து,
இனி வரமாட்டாள் என்று எனக்கு வியர்க்கும்போது
ஈரக்காலோடு நிலைப்படி தாண்டுகிறவள் மாதிரி
சொல்லுக்குள் அடியெடுத்து வைப்பாள்.
எரிச்சலாக வரும்.

முதல் வருஷம் இப்படியில்லை.
போனில் இறக்கிய பாட்டுகளைக் காதில் செருகிக்கொண்டு
கடலூர் பஸ்ஸில் போய்வருவாள்.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸ் ஏறி
பாட்டிலுக்காகப் பைகளைத் தடவும்போதும்
உதடு அசைந்துகொண்டிருக்குமாம்.
எந்த ஊர்க்காரியின் மூச்சோ இவள் மூக்கில் வந்தது.
அமெரிக்கக் கிழவர் ஒருவர் கைகுலுக்கி
அப்படியே ரெக்கார்டைக் கேட்பது போல இருந்தது என்றார்.
அன்று அவள் சாப்பிடாமல் போனாள்.

பிறகு தொண்டையில் முடிச்சு.
ஆறு வாரம் பேசக்கூடாது என்றார்கள் ஜிப்மரில்.
ஆறு வாரமும் துறைமுகத்தில் ஏலக்கணக்கு எழுதினாள்,
அதற்குக் காது போதும்.
அவள் திரும்பினாள், மேல்ஸ்தாயி திரும்பவில்லை.
மெத்தை இல்லாத வீட்டுல யாரும் குடியிருக்கலையா என்று
ரெண்டு கட்டை இறக்கச் சொன்னாள்.
அந்தத் தாழ்வில் இழுக்க முடியாது, அதனால் பேசினாள்.
பேச்சு போதாத இடத்தில் மட்டும் பாடினாள்.
அவன் போய்விட்டான் என்பதை
ஐஸ் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.
முள்கரண்டிகள் தட்டில் இறங்கும் சத்தம் கேட்டது.

ஆவணியில் ஒருநாள் கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் உறுமியது,
எங்கள் சுருதிக்கு அரைக்கட்டை கீழே.
என்னை விட்டுவிட்டு அதோடு சேர்ந்துகொண்டாள்.
கறுப்புக் கட்டைகளில் தடுமாறி ஓடிப் பிடித்தேன்.
இரண்டாம் சரணத்தில் சொல் மறந்தது.
கொஞ்சநேரம் மூச்சு மட்டும்.
அப்புறம்

முந்நூறு முந்நூறு முந்நூத்தி இருவது
இருவது இருவது இருவதா நாப்பதா
நாப்பதே நாப்பதே நானூறு

மேசைகளில் தலையாட்டினார்கள்.
அர்த்தமில்லாத ஒலி, அழகு, என்று நினைத்திருப்பார்கள்.
பணம் எண்ணிப் பிழைக்கும் எனக்கே அது தொகையென்று தெரிய
நேரம் பிடித்தது.
தட்டோடு நின்ற வேலவேந்தன், ராசாப்பேட்டைப் பையன்,
தன்னை மறந்து
ஐநூறு என்றான்.

அவன் பக்கம் திரும்பினாள்.
ஐநூறு ஒருதரம்.
டிரம்ஸில் எத்தியேன் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டான்.
ஐநூறு ரெண்டுதரம்.

இத்தனை நாள் அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று
அப்போதுதான் தெரிந்தது எனக்கு:
ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்,
கூடையைச் சுற்றி ஒவ்வொருவனும்
அடுத்தவன் வாயைப் பார்க்கிற இடத்தில்.
என் ஒன்று இரண்டு மூன்று நான்கு
அங்கே செல்லாது.

மூன்றாம்தரம் அவள் சொல்லவேயில்லை.
கரண்ட் வந்துவிட்டது.

அந்த எண்ணுப்பாட்டை வாராவாரம் வை என்றார் முதலாளி.
அது அன்னிக்கு வந்த மீனு சார் என்று
செருப்பை மாட்டிக்கொண்டு
ஒன்பதே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அப்போ சரக்கு யாருக்கு
என்று என்னைக் கேட்கிறான் வேலவேந்தன்,
மேசை துடைத்தபடி.